கவுஸ் கடைக் கோப்பை

பூனாவில் பட்டாளத்துக் காம்ப் பகுதியில், கவுஸ் பாய் கடைக் கோப்பையில் கீறல் என்று எவனாவது சொன்னால், ஊர் அவனைத்தான் ஏற இறங்கப் பார்க்கும். அப்படி ஒரு பெயரைச் சம்பாதித்து வைத்திருந்தார் அந்த மனுஷன். தாபூத் ஸ்ட்ரீட்டிலிருந்து உள்ளே போகும் சந்தில் முன்னால் கடை, நடுவே பச்சைத் திரை, பின்னால் வீடு, அதற்கும் பின்னால் ஒரு முற்றம். மேலப்பாளையத்திலிருந்து வந்த புதிதில் கோரைப்பாய் விற்றார், சாக்கு விற்றார், ஒன்றும் ஒட்டவில்லை. பீங்கானில் கை வைத்த பிறகுதான் நிமிர்ந்தார். இரானி ஹோட்டல்காரர்களும் பட்டாளத்து மெஸ்காரர்களும் அவர் கடை வாசலில்தான் வந்து நிற்பார்கள்.

காரணம் அவருடைய தட்டல். இடது கை விரலில் கோப்பையைத் தொங்கவிட்டு, வலது கை வெள்ளி மோதிரத்தால் விளிம்புக்குக் கீழே ஒரு தட்டு. நல்ல கோப்பை ‘ணங்’ என்று நீளமாகப் பாடும். கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தாலும் ‘டொக்’ என்று வாயை மூடிக்கொள்ளும். வாங்குகிறவர் முன்னால் ஒவ்வொன்றாகத் தட்டித்தான் கொடுப்பார். அவசரப்படுத்தினால், அவசரக்காரருக்கு அடுத்த தெருவில் தகரக் குவளை கிடைக்கும் என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

ஒதுக்கிய கோப்பையை அரை விலைக்கும் தர மாட்டார். கீறல் கோப்பையில் கொதிக்கிற சாயாவை ஊற்றினால் எவன் மடியிலாவது கொட்டும், அந்தப் பாவம் நமக்கு வேண்டாம் என்பார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு அவர் திரும்புவதற்குள், அந்த வாரம் ஒதுக்கியதெல்லாம் முற்றத்துக் கல்லுரலில் தூளாகக் கிடக்க வேண்டும். அந்த வேலை அவர் மனைவி சஃபியாவுடையது. கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து அவள் உலக்கையால் உடைத்த பீங்கானைக் குவித்திருந்தால் பார்வதி மலைக்குப் பக்கத்தில் இன்னொரு குன்று எழும்பியிருக்கும். அதில் அவளுக்கு வருத்தம் கிடையாது. எந்த வியாபாரி தன் சரக்கைத் தானே உடைப்பான்? என் புருஷன் உடைப்பார் என்று அவளுக்கு உள்ளூர ஒரு நிமிர்வு.

பான்ஷெட் அணை உடைந்து வெள்ளம் ஊரைப் புரட்டிப் போட்டதற்கு மறு வருஷம், ஆடி மாதம். ஆற்றோரம் ஹோட்டல் வைத்திருந்த பெஹ்ராம் சேட்டுக்கு மேஜை நாற்காலிகூட மிஞ்சவில்லை. மறுபடி எல்லாவற்றையும் எழுப்பி, திறப்பதற்கு நாள் குறித்துவிட்டு, கவுஸ் பாயிடம் வந்தார். பழைய தடிமனான கோப்பை வேண்டாம், புதுசாக மெல்லிசுக் கோப்பை வருகிறதாமே, அது வேண்டும் என்றார். வடக்கே எழுதிப் போட்டு வரவழைத்தார் கவுஸ் பாய்.

சரக்கு வந்த அன்று தூறல் விடவேயில்லை. பூனா மழை ஊர் மழை மாதிரி கொட்டித் தீர்த்துவிட்டுப் போகாது, நச்சரித்துக்கொண்டே இருக்கும். ரயில்வே கூட்ஸ் ஷெட்டிலிருந்து பெட்டிகளை இருதயராஜ் ஏற்றி வந்தான். நாசரேத்துக்காரன், சண்டைக் காலத்தில் பட்டாளத்துக் கூலியாக வந்து இங்கேயே தங்கிவிட்டவன், சொந்தமாக ஒரு கைவண்டி. கவுஸ் கடைப் பெட்டி என்றால் தன் பிள்ளையைத் தூக்கி வருகிற மாதிரிதான். வண்டியில் வைக்கோலைப் பரப்பி, மேலே தார்ப்பாயைப் போட்டு, தான் நனைந்துகொண்டு வந்தான்.

"மதினி, தலை துவட்ட ஒரு துணி தாங்க. சாயா இருந்தா அதுவும்" என்று திரைக்கு இப்பால் நின்று கேட்டான்.

"சாயா போட்டாச்சு. பன்னும் இருக்கு. மொதல்ல துவட்டும்" என்று திரைக்குக் கீழே துண்டை நீட்டினாள் சஃபியா.

ஆணி பிடுங்கி, வைக்கோலை விலக்கி, கோப்பைகளைத் துடைத்து அடுக்கினார்கள். வெற்றிலை மாதிரி மெல்லிசு, வெளிச்சத்தில் பிடித்தால் விரல் நிழல் தெரிந்தது. கவுஸ் பாய் முதல் கோப்பையைத் தட்டினார். ஒதுக்கினார். அடுத்ததைத் தட்டினார். அதையும் ஒதுக்கினார். ஒரு பெட்டி முடிவதற்குள் அவர் முகம் கடுகடுவென்று ஆகிவிட்டது. சந்தில் இருந்த கடைக்காரர்களெல்லாம் எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

"ராசு, பெட்டிய எங்கல போட்ட?"

"எங்கயும் போடல, பாய்."

"போடாமலா இப்பிடி ஆச்சு? அத்தனையும் செத்துக் கெடக்கு. கேளு." தட்டிக் காட்டினார்.

இருதயராஜ் தலையைச் சாய்த்துக் கேட்டான். "நல்லாத்தான பாய் கேக்கு?"

"எனக்குத் தட்டல் சொல்லித் தாறியோ?"

"அய்யோ, நான் அப்பிடிச் சொல்லுவனா? வண்டி குழியில எறங்கக்கூட இல்ல. வேணும்னா சாமி மேல..."

"சத்தியம் பண்ணாத. போட்டேன்னு சொல்லு, மன்னிச்சிருதேன். மறைக்காத. என் கடையில மறைக்கிறவனுக்கு எடம் கெடையாது."

இதில் வேடிக்கை என்னவென்றால், சுற்றி நின்ற அத்தனை பேருக்கும் கோப்பை ‘ணங்’ என்றுதான் கேட்டது. திரைக்குப் பின்னால் சஃபியாவுக்கும் அப்படித்தான் கேட்டது. ஆனால் கவுஸ் பாய் தட்டினால் தட்டினதுதான். அவர் டொக் என்று சொன்ன பிறகு, நமக்கென்ன தெரியும், நம் காதில்தான் ஏதோ கோளாறு என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டார்கள். இருதயராஜ் பாதி குடித்த சாயாவை அப்படியே வைத்துவிட்டுப் போனான்.

அன்றைக்கே அவன் பிழைப்பில் மண் விழுந்தது. கவுஸ் பாயே வேண்டாம் என்றவனை நம்பி யார் பெட்டி கொடுப்பார்கள்? கண்ணாடிக்காரர் வேறு ஆள் பார்த்தார். விளக்குக் கடைக்காரர், அப்புறம் பார்க்கலாம் என்றார். கூட்ஸ் ஷெட் வாசலில் வெறும் வண்டியோடு மழையில் நிற்கிறான் என்று சேதி வந்தது.

வியாழக்கிழமை அவன் பெண்டாட்டி லீலா பின்வாசலுக்கு வந்தாள். பெருநாளுக்கு சஃபியா வட்டலப்பம் கொடுத்தனுப்பிய பித்தளைத் தூக்கு அவள் கையில் இருந்தது. இரண்டு வீட்டுக்கும் பழக்கமான நாளிலிருந்து அந்தத் தூக்கு வெறுமையாகத் திரும்பி வந்ததில்லை. முறுக்கோ, முருங்கைக் கீரையோ, ஒன்றுமில்லாவிட்டால் ஒரு கை அரிசியோ உள்ளே இருக்கும். அன்றைக்குக் கழுவிக் கவிழ்த்து, வெறுமையாக வைத்தாள்.

"உள்ள வா, லீலா."

"வரல, அக்கா. எங்க வீட்டுல உள்ளவக பொய் சொல்ல மாட்டாவ. ஒங்களுக்கே தெரியும். அத மட்டும் சொல்லிட்டுப் போவம்னு வந்தேன்."

சொல்லிவிட்டு லீலா போய்விட்டாள். சஃபியாவுக்கு அந்த வெறும் தூக்கைத் தொடவே கை கூசியது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பெஹ்ராம் சேட்டுக்கு வேறு சரக்கு தருவதாகச் சொல்லிவிட்டு, "எல்லாத்தையும் ஒடைச்சிரு" என்று உத்தரவு போட்டுவிட்டுத் தொழப் போனார் கவுஸ் பாய்.

முற்றத்தில் மழை கொஞ்சம் ஓய்ந்திருந்தது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு கோப்பையை உரலில் போட்டு உலக்கையை இறக்கினாள் சஃபியா. ‘சிலீர்’ என்று சிதறியது. அவள் கை நின்றது. இன்னொன்றைப் போட்டாள். அதுவும் ‘சிலீர்’. ஓடு ஓடாக, நீள நீளமாக, வெட்டினாற்போல் உடைந்து கிடந்தது.

நல்ல கோப்பை பாடுவது எப்படி என்று அவள் புருஷனுக்குத் தெரியும். கீறல் கோப்பை சாவது எப்படி என்று அவளைப் போல் தெரிந்தவர் பூனாவில் கிடையாது. கீறல் விழுந்தது உலக்கை பட்டதும் முனகாமல், கீறலோடு பொத்தென்று விட்டுக் கொடுக்கும். இத்தனை வருஷத்தில் அவள் உடைத்ததெல்லாம் அந்தச் சாதி. இது வேறு. இது முழு உயிரோடு இருந்த கோப்பை. உலக்கையைச் சுவரில் சாத்திவிட்டு மிச்சத்தை எடுத்து விரல் கணுவால் தட்டினாள். ணங். அடுத்தது. ணங். முதல் பெட்டி முழுக்கப் பாடிக்கொண்டிருந்தது.

அப்படியானால் இருதயராஜ் பொய் சொல்லவில்லை. தன் புருஷனும் பொய் சொல்லுகிறவர் இல்லை. நடுவே எது பொய் சொல்லுகிறது?

உரல் விளிம்பில் உட்கார்ந்து யோசித்தாள். கொஞ்ச நாளாகவே, பொம்பளைகள் எல்லாம் வாய்க்குள்ளேயே பேசுகிறீர்கள் என்று அவர் எரிந்து விழுவது. அடுப்படியில் கெண்டி விசில் அடித்து அடங்கினாலும் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் பார்ப்பது. பாங்குச் சத்தத்துக்கு மட்டும் சரியாக எழுந்துவிடுவது. போன மாதம் ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்து, இன்னொன்று எங்கே கழன்றது என்று தெரியாமல் முழித்தது. குடம் குடமாகத் தண்ணீர் குடிப்பது. கழிவறைப் பக்கம் எறும்பு சாரை சாரையாக ஊர்வது. ஒவ்வொன்றும் தனித்தனியாக வந்தபோது சிரித்துவிட்டுப் போனவள்தான். இப்போது எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வந்து எதிரே நின்றது.

அவர் தொழுதுவிட்டு வந்து கை கால் கழுவிக்கொண்டிருந்தபோது, பின்னால் போய் நின்று இரண்டு கை வளையலையும் குலுக்கினாள். அவர் திரும்பவில்லை. இன்னும் பக்கத்தில் போய்க் குலுக்கினாள். அவர் பாட்டுக்குத் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தார்.

"மச்சான்" என்றாள், முன்னால் வந்து, சத்தமாக.

"ஏன் கத்துத? ஒடைச்சு முடிச்சாச்சா?"

"ஒடைக்கல. அது நல்ல கோப்பை."

அவர் நிமிர்ந்தார். "என்னது?"

"ஒரு பெட்டி முழுக்க நல்ல கோப்பை மச்சான். நான் தட்டிப் பாத்தேன்."

"நீ தட்டிப் பாத்தியா. சரி. அப்ப எனக்குத் தட்டத் தெரியல, அப்பிடித்தான?"

"நான் அப்பிடிச் சொல்லல."

"பின்ன எப்பிடிச் சொல்லுத? அந்த லீலா வந்துட்டுப் போனாளாமே. அவ அழுததும் ஒனக்கு மனசு எளகிருச்சு. நான் இந்தச் சந்துல தலை நிமிந்து நடக்கதே இந்தத் தட்டலாலதான். அதுல கைய வைக்காத, சஃபியா."

கவுஸ் பாய்க்குக் கோபம் மூக்கு நுனியில்தான் இருக்கும். அவளும் லேசுப்பட்டவள் இல்லை. உள்ளே போய்ப் பரணிலிருந்து ஒரு கோப்பையை எடுத்து வந்தாள். பூப்போட்ட பழைய கோப்பை. கீறல் என்று அவர் என்றோ ஒதுக்கியது. உடைக்க மனசு வராமல் ஊக்கும் பொத்தானும் போட்டு ஒளித்து வைத்திருந்தாள். அந்த வீட்டில் அவள் செய்த ஒரே திருட்டு அதுதான்.

"இது நீங்க ஒதுக்குன கீறல் கோப்பை. ஒடைக்காம வச்சிருந்தேன், அதுக்கு என்னைய என்ன வேணா சொல்லுங்க. இது புதுப் பெட்டிக் கோப்பை. கண்ண மூடிக்கிடுங்க. மாத்தி மாத்திக் கையில தாறேன். எது எதுன்னு சொல்லுங்க."

"இதென்ன பச்சப்புள்ள வெளையாட்டு?"

"வெளையாட்டாவே இருக்கட்டும்."

கண்ணை மூடினார். அவள் ஒன்றைக் கையில் கொடுத்தாள். ஓரம் தடவித் தடிமனைக் கண்டுபிடித்துவிடக் கூடாதென்று பிடியை மட்டும் விரலில் மாட்டிவிட்டாள். தட்டினார். மாற்றிக் கொடுத்தாள். தட்டினார். மறுபடி மாற்றினாள். அவர் மோதிரம் கோப்பையில் படுவதும், படுவதும், பட்டுக்கொண்டே இருப்பதுமாக இருந்தது. ஒன்றுக்கும் பெயர் சொல்லவில்லை. நெற்றியில் வேர்த்தது. அப்புறம் கண்ணைத் திறந்து, புதுக் கோப்பையைத் தன் காதோடு ஒட்டி வைத்துத் தட்டினார். முற்றம் முழுக்க ணங் என்று கேட்டது. அவர் முகம் செத்துப்போயிருந்தது.

"இது... பாடுதா?"

"பாடுது, மச்சான்."

"நல்லாப் பாடுதா?"

"நல்லாப் பாடுது."

அவர் உரலுக்குப் பக்கத்தில் ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு அவர் கேட்டது தன்னைப் பற்றி அல்ல. "ராசு எங்க நிக்கான்னு கேட்டியா?" என்றார்.

ஈஸ்ட் ஸ்ட்ரீட்டில் டாக்டர் கிருஷ்ணஸ்வாமி பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று வைத்தியசாலை வைத்திருந்தார். தமிழ் பேச ஆள் கிடைத்தால் நோயாளியை லேசில் விட மாட்டார். அன்று சாயங்காலமே இருவரும் அவரிடம் போனார்கள். எறும்பு, செருப்பு, தண்ணீர் எல்லாவற்றையும் சஃபியா சொல்லச் சொல்லத் தலையாட்டினார். சிறுநீரில் சில சொட்டு எடுத்து நீலத் திராவகத்தில் விட்டு ஸ்பிரிட் விளக்கில் காட்டினார். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறத்துக்கு வந்து நின்றது.

"சக்கரை வியாதிங்காணும். வந்து வருஷக்கணக்காச்சு. நீர் கண்டுக்கலை" என்றார். அப்புறம் காது சோதிக்கிற இரும்புக் கவை ஒன்றைத் தட்டிக் காதருகே பிடித்தார். பெரிய கவை.

"கேக்குது" என்றார் கவுஸ் பாய்.

சின்னக் கவையைத் தட்டினார். அதன் கீச்சுச் சத்தம் எதிரே உட்கார்ந்திருந்த சஃபியாவின் பல்லைக் கூசச் செய்தது. கவுஸ் பாய், எப்போது தட்டப் போகிறீர்கள் என்பதுபோல் டாக்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தடிச்ச சத்தம் கேக்கறது, மெல்லிசு கேக்கலை. உம்ம புதுக் கோப்பை பழசைவிடக் கீச்சுன்னு பாடும், அதான் ஒரேயடியா மாட்டிண்டீர். சக்கரை கண்ணையும் கால் நரம்பையும் கெடுக்கறது எல்லாருக்கும் தெரியும். காதுக்குள்ளயும் மயிரிழை மாதிரி ரத்தக் குழாய், அங்கேருந்து மூளைக்குப் போற நரம்பு, எல்லாம் இருக்கே. அதையும் விடறதில்லைன்னு இப்பதான் சில பேர் எழுதறா. வயசும் சேந்திருக்கலாம். நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன்."

"திரும்பி வருமா, டாக்டர்?"

"போனது வராது. சக்கரையக் கட்டி வச்சா மிச்சம் இருக்கறதக் காப்பாத்திக்கலாம். வாயக் கட்டணும், மருந்து போட்டுக்கணும், தெனம் இந்த நீலத்தைக் காய்ச்சிப் பாக்கணும். அம்மா, நிறம் பாக்க வருமா?"

"அது நான் பாத்துக்கிடுதேன்" என்றாள் சஃபியா.

வைத்தியசாலையிலிருந்து கவுஸ் பாய் வீட்டுக்கு வரவில்லை. அவளைக் குதிரை டாங்காவில் ஏற்றிவிட்டு, இருதயராஜ் குடியிருந்த கோர்ப்படிப் பக்கம் தூறலில் நடந்தார். அவன் வீட்டு வாசலில் நின்று என்ன பேசினார் என்பதை லீலா பிறகு சஃபியாவிடம் சொன்னாள். "உள்ள வாங்கன்னாலும் வரல, அக்கா. ‘ராசு, நான் ஒன் மேல அபாண்டம் போட்டுட்டேன். எட்டுத் திக்கும் கேக்கப் போட்டேன். அதே மாரி எல்லாருக்கும் கேக்கச் சொல்லணும். நாளைக்குக் கடைக்கு வா’ன்னாவ. எங்க வீட்டுல உள்ளவக சட்டைய மாட்டிக்கிட்டு அவுகளக் கடை வரைக்கும் கொண்டாந்து விட்டுட்டு வந்தாவ, கால் தரையில பதியாமத் தடுமாறுதுன்னு."

மறுநாள் பெஹ்ராம் சேட் வந்தார். கண்ணாடிக்காரரும் விளக்குக் கடைக்காரரும் வந்தார்கள். கவுஸ் பாய் ஆள் அனுப்பிக் கூப்பிட்டிருந்தார். இருதயராஜ் வாசல் ஓரமாக நின்றான். உள்ளே, தலை நிறையச் சேலையைப் போட்டுக்கொண்டு, திரைக்குப் பின்னால் சஃபியா காத்து நின்றாள். காலையில்தான் பெரிய வாக்குவாதம் நடந்து முடிந்திருந்தது.

"நாலு ஆம்பளைக்கு முன்னால நான் எப்பிடி வந்து தட்ட? ஊர்ல கேட்டா என்ன சொல்லுவாவ?"

"என்ன சொல்லுவாவ? கவுஸ் பொண்டாட்டி கோப்பை தட்டுதான்னு சொல்லுவாவ. திருட்டா பண்ணுத?" மோதிரத்தைக் கழற்றி நீட்டினார். அவள் விரலுக்கு அது தொளதொளத்தது. உள்பக்கம் நூலைச் சுற்றி இறுக்கிக்கொண்டாள்.

கடையில் கவுஸ் பாய் எழுந்து நின்றார். உட்கார்ந்தே வியாபாரம் பண்ணுகிற மனுஷன் எழுந்து நின்றதும் பேச்சு அடங்கியது. இந்தியில்தான் சொன்னார், ஒரு வார்த்தையும் விழுங்காமல் சொன்னார். இந்தப் பெட்டி எல்லாம் நல்ல சரக்கு. இருதயராஜ் எதையும் போடவில்லை, எதையும் மறைக்கவில்லை. எனக்குச் சக்கரை வியாதி, மெல்லிய சத்தம் என் காதில் விழாது, அது தெரியாமல் அவனைப் பழித்துவிட்டேன். தப்பு அவன் வண்டியில் இல்லை, என் காதில். என் பேச்சைக் கேட்டு அவனை நிறுத்தியவர்கள், இப்போதும் என் பேச்சைக் கேட்டு அவனைக் கூப்பிடுங்கள்.

சஃபியாவுக்குத் திரைக்குப் பின்னால் கண்ணில் தண்ணீர் கொட்டியது. வெட்கத்தில் அல்ல. அந்த நிமிஷத்தில் அவரைப் போல ஓர் ஆம்பிளை பூனாவில் உண்டா என்று நினைத்துக்கொண்டாள். கண்ணைத் துடைத்துவிட்டு, திரையை விலக்கிக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

முதல் கோப்பையை எடுத்து விரலில் தொங்கவிட்டாள். தட்டினாள். ணங். பெஹ்ராம் சேட் வாங்கி வைத்தார். அடுத்தது. ணங். போகப் போகக் கை தானாக ஓடியது. கவுஸ் பாய் கோப்பையைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சந்தில் போனவர்களெல்லாம் நின்று கேட்டார்கள்.

கடைசிப் பெட்டியில் பாதி முடிந்தபோது ஒரு கோப்பை. தட்டினாள். டொக்.

இன்னொரு முறை தட்டினாள். சந்தேகமேயில்லை. இன்றைக்கென்று பார்த்தா? இப்போதுதான் அவன் பேர் துடைத்து வைக்கப்பட்டிருக்கிறது. அதே கையோடு இதை ஒதுக்கினால் நாலு பேரும் அவனைத் திரும்பிப் பார்ப்பார்கள். பேசாமல் பெஹ்ராம் சேட் கையில் கொடுத்துவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? கவுஸ் பாய்க்கும் கேட்டிருக்காது. அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது ஆகாது" என்று எடுத்து ஒதுக்கி வைத்தாள்.

நினைத்தபடியே எல்லார் தலையும் வாசல் பக்கம் திரும்பியது. இருதயராஜ் சிரித்தான்.

"மதினி சொன்னா சரிதான். அது நான் கொண்டாந்ததுல உள்ளதுதான். அம்புட்டுப் பெட்டியில ஒண்ணுகூட ஒடையலன்னாத்தான் சந்தேகப்படணும். ரோடு கெடக்க லெச்சணத்துக்கு."

விளக்குக் கடைக்காரருக்கு மொழி புரியாவிட்டாலும் சிரிப்பு புரிந்தது. நாளைக்கு ஷெட்டில் என் பெட்டி வருகிறது என்று அவனிடம் மெல்லச் சொல்லி வைத்தார்.

கவுஸ் பாய் அந்தக் கோப்பையை எடுத்தார். தட்டிப் பார்க்கவில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவும் இல்லை. திரையை விலக்கி உள்ளே போனார். முற்றத்தில் உலக்கை ஒரு முறை விழுந்தது, பொத்தென்று. அந்தச் சத்தம் அவருக்கு நன்றாகவே கேட்டிருக்கும். கையைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"இவ தட்டுனா தட்டுனதுதான், சேட்" என்றார்.

அடுக்களையில் பித்தளைத் தூக்கு நெய்ச்சோறும் கறியாணமுமாக நிரம்பி, லீலா வீட்டுக்குப் போகக் காத்திருந்தது. அது ஆறிப்போவதற்குள் பெட்டியை முடித்துவிட வேண்டும் என்று சஃபியா அடுத்த கோப்பையை எடுத்தாள்.